மஞ்சள் கரு எங்கே போகிறது?

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாயிற்று. நான் தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவன். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. மனைவியோ தாமிரபரணிக் கரையில், வயலும் வாய்க்காலுமான ஊர்க்காரி. வந்த அன்றே எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "குழம்புக்கு உப்பு வாங்க வேண்டாம் போல" என்றாள். அதற்குப் பிறகு அதிகம் பேச்சில்லை.

ஆடி பிறக்கப் போகிறது. வழக்கப்படி மாமனார் வந்து மகளை அழைத்துப் போய்விடுவார். போகிறவள் ஆவணியில் மனசோடு திரும்பி வருவாளா என்பதுதான் என் கவலை. பக்கத்து வீட்டு மதினி வேறு, "ஊரச் சுத்திக் காட்டுங்க கொழுந்தனாரே. உங்க மூஞ்சிய மட்டும் காட்டிக்கிட்டிருந்தா எப்பிடி நிப்பா?" என்று ஏற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். மாதா கோயிலைக் காட்டினேன், கும்பிட்டாள். பூங்காவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவதைக் காட்டினேன், பார்த்தாள். கடற்கரையில் தோணிகளைக் காட்டி, எது கொழும்புக்கு, எது கொச்சிக்கு என்று தெரிந்ததும் தெரியாததுமாக அளந்தேன். "காத்து நல்லாருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

கடைசியாக பேக்கரிக்குக் கூட்டிப்போய் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுல என்ன போடுதாவ?"

"முந்திரிப்பருப்பு, சீனி, முட்டையோட வெள்ளைக் கரு."

"வெள்ளை மட்டுமா? அப்ப மஞ்சக்கரு எங்க போவுது?"

எனக்குத் தெரியவில்லை. பல் முளைத்த நாளிலிருந்து தின்கிறேன், ஒரு நாளும் கேட்கத் தோன்றியதில்லை. அவளே கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டாள்.

அவர் சிரித்தார். "திங்க வந்தவங்க யாரும் இதக் கேட்டதில்லம்மா. கேக்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடுவோம். மிச்சம் பின்வாசல் வழியாப் போவுது. போயிப் பாரு."

அதுவரை எனக்குப் பின்னால் வந்தவள், இப்போது முன்னால் நடந்தாள்.

பின்வாசலில் பரோட்டாக் கடைக்காரர் தூக்குச்சட்டியோடு நின்றார். "அவரு வெள்ளைய இனிப்பாக்குதாரு, நான் மஞ்சளக் காரமாக்குதேன்" என்றார். அவர் கூடவே போனோம். சுடுகல்லில் மஞ்சள் கருவை ஊற்றி, பரோட்டாவோடு சேர்த்துக் கொத்திக் கொடுத்தார். என் மனைவி இலையைப் பார்க்காமல் அவர் கையையே பார்த்துச் சாப்பிட்டாள்.

"எல்லாம் உங்களுக்குத்தானா?"

"எனக்கு ஒரு சட்டி. மிச்சம் அந்தா, அந்தச் சந்துக்கு."

சந்தில் மீன்பிடிக்காரர் வீடுகள். ஒரு முற்றத்தில் நாலைந்து பெண்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மஞ்சள் கரு நிறைந்த சட்டி. கொதிக்கிற புளிக்குழம்பில் ஒவ்வொன்றாக, உடையாமல் விட வேண்டுமாம். இவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, எட்டிப் பாத்தா என்ன தெரியும்? வந்து நீயே விட்டுப் பாரு" என்று கரண்டியை நீட்டினாள் ஒருத்தி.

முதல் கரு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது.

"வெளிய நிக்கிறவரு தலைன்னு நெனச்சி ஒடச்சிட்டியோ?"

முற்றமே சிரித்தது. இவளும் சிரித்தாள், கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சத்தமான சிரிப்பு. நான் அவள் செருப்புக்குக் காவலாக வாசலில் நின்றேன். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

நாலு நாள் கழித்து மாமனார் வந்தார். காபியைக் குடித்துவிட்டு மகளிடம், "ஆவணியில எப்பம்மா கொண்டாந்து விடட்டும்?" என்றார்.

நான் பேப்பரைப் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொறந்த மறுநாளே விட்ருங்கப்பா. அந்தச் சந்து அக்காமாரு சாப்பிட வரச்சொல்லியிருக்காவ."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளையையுமா?"

"அவுகளையா?" என்றாள். "அதை நான் வந்து அக்காமாருகிட்டத்தான் கேக்கணும்."