துணிக்கொடிக்குக் கீழே முளைத்த வரிசை

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய திங்கட்கிழமை காலையில்தான் லீனா ஆன்டிக்கு முதன்முதலாகக் கைரம்பம் கொடுத்தார்கள். கேப் டவுன் பேருந்து மணல்மேட்டைச் சுற்றித் திரும்பியபோது, புதுக் கையுறை மாட்டிய கையைத் தூக்கிக் காட்டினாள். ரோய்க்ரான்ஸ் புதரை வெட்ட அரசாங்கம் அமர்த்திய பெண்கள் குழுவில் அவளும் ஒருத்தி.

அந்தப் புதர் எங்களுக்குப் பிடித்ததுதான். ஞாயிற்றுக்கிழமை மீன் சுட அதன் கட்டையைப் போலக் கனல் தருவது வேறு இல்லை. ஓடும் மணலை நிறுத்த வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. மணல் நின்றது, புதர் நிற்கவில்லை. அதன் கறுப்பு விதையைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் உண்டு. அதற்கு ஆசைப்பட்டுத் தின்ற மைனாக்கள் மேடு மேடாக எச்சமிட்டுப் பரப்பின. அதன் அடர்ந்த நிழலில் மேட்டின் பழைய பூக்கள் செத்துப்போயின.

லீனா ஆன்டியின் வீடு மேட்டின் அடிவாரத்தில். சமையலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். அவள் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் மணல் கதவை அடைத்துக்கொள்ள, அப்பா அவர்களை ஜன்னல் வழியாக இழுத்து வெளியேற்றினாராம். பிறகு கொல்லையில் ஒரு ரோய்க்ரான்ஸ் வளர்ந்து மரமாகி மணலைத் தடுத்தது. மேட்டில் எல்லாவற்றையும் அடியோடு வெட்டியவள் அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். மேற்பார்வையாளன் கெர்ட் வரும் நாட்களில் அதன் முன்னால் கம்பளிகளைக் கொடியில் தொங்கவிடுவாள்.

"எத்தனை தடவைதான் தொவைப்பீங்க ஆன்டி?" என்று குழுப் பெண்கள் கேட்பார்கள்.

"நான் சுத்தமான பொம்பளைடி. உன்னை மாதிரியா?"

கப்பல் சமையலறைகளில் சில வருடங்கள் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரம், கெர்ட் தண்ணீர் குடிக்க அவள் கொல்லைக்கு வந்தான். சுத்தம் செய்த மேட்டில் மறுபடி மறுபடி கன்றுகள் முளைப்பது அவனுக்குப் புரியவில்லை. கொடிக்குக் கீழே பார்த்தான். கோடு கிழித்ததுபோல் கன்றுகள் வரிசையாக நின்றன.

"என்ன ஆன்டி, வெதைச்சீங்களா?"

"காத்து கொண்டாந்து போட்டிருக்கும்."

"காத்து நூல் புடிச்சா போடும்?"

கொடியில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. கெர்ட் கம்பளியை விலக்கினான்.

"மேட்டுல நீங்க புடுங்குற கன்னுக்கெல்லாம் தாய் இங்க நிக்குது, ஆன்டி."

"தெரியும்டா. ஆனா மணல் என் கதவைத்தானே தேடி வரும்? உன் கதவையா?"

அவன் வீடு நகரத்தில். குவளையில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தான்.

"மரம் நின்னா உங்களைக் குழுவுல வச்சிக்க முடியாது. அடுத்த வாரம் வரேன்." குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் அவள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "அந்த மஞ்சப்பூ இருக்கே, எங்கம்மா சொல்லித்தான் கேட்டிருக்கேன். போன வருஷம் நாங்க புதர் வெட்டுன மேட்டுல நானே பாத்தேன்டி" என்றாள். பிறகு கதவைப் பார்த்தாள். கெர்ட் திரும்பி வருவதற்குள் நான் அடுத்த கப்பலுக்குக் கிளம்பியபோது மரம் கம்பளிக்குப் பின்னால் அப்படியேதான் நின்றது.

ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. ஏதோ ஒரு துறைமுகத்தில் போனுக்கு அவள் குரல் பதிவாக வந்து சேர்ந்தது, பின்னால் காற்றிரைச்சலோடு:

"மரத்தை நானே வெட்டிட்டேன், வேற யாரையும் தொட விடல. அந்தக் கட்டையில மீன் சுட்டேன், கெர்ட்டையும் கூப்பிட்டேன். வெக்கமில்லாம மூணு துண்டு தின்னான். மணல் வந்துடுச்சு, கீழ்ப்படியைக் காணோம். கதவைக் கழட்டி உள்பக்கம் தொறக்கிற மாதிரி மாட்டிட்டேன். நீ வந்தா இழுக்காத, தள்ளு."