கண்ணாடிக்கு வெளியே விரித்த கைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்தது. 2022 ஜூலை பதினாறு, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். கையில் மணியும் காட்டும் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தேன், அதனால்தான் நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். "எல்லாம் பிரமைப்பா" என்று முதுகில் தட்டிக்கொடுக்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருபத்திரண்டு வருடம் போலீஸில் இருந்தவன் நான். விடிய விடியப் பிணத்துக்குக் காவல் இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பயந்ததில்லை.

என் பெயர் ஹென்னிங். தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவுக்கு வடமேற்கே, பிரிட்ஸ் பக்கம், மூடிக் கிடக்கும் ஒரு செங்கல் சூளையில் வகுப்பு நடத்துகிறேன். காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் துப்பாக்கியோடு வந்து நின்றால் என்ன செய்வது என்பதுதான் பாடம். எங்கள் ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தால் பாதி டிரைவர்தான், மீதிப் பாதி இதில் இருக்கிறது. சிக்னலில் முன்வண்டியின் டயர் தரையில் படுவது தெரிகிற தூரத்தில் நிறுத்து, அப்போதுதான் ஒடித்துத் திருப்ப இடம் இருக்கும். வீட்டு கேட் முழுசாகத் திறக்கும்வரை தெருவிலேயே நில். எல்லாவற்றையும்விட முக்கியம், வருகிறவனின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். கையில் ஒன்றும் இல்லையென்றால் உன் கையும் சும்மா இருக்கட்டும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது.

இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கிறது எங்கள் ஆட்களுக்கு. காரில் உட்கார்ந்ததும் துப்பாக்கியை எடுத்து வலது தொடைக்கு அடியில் செருகிக்கொள்வார்கள். சட்டென்று எடுக்கலாமாம். ஒரு பிரேக் போட்டால் அது வழுக்கிக்கொண்டு போய் மிதிக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பிரேக்கும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. எத்தனை தடவை கத்தினாலும் ஒரு ஜென்மமும் கேட்பதில்லை. உட்கார்ந்தால் கை தானாகச் செய்துவிடுகிறது.

பயிற்சி இப்படி நடக்கும். நடு முற்றத்தில் ஒரு கார். அதில் ஒருவர் ஏறி உட்காருவார். மடியில் நீல நிற பிளாஸ்டிக் துப்பாக்கி. சூளைச் சுவருக்குப் பின்னாலிருந்து என் பழைய கூட்டாளி மொலெஃபி வருவான். பதினான்கு வருடம் ஒரே ஜீப்பில் சுற்றியவர்கள் நாங்கள். ஒரு தடவை கொள்ளைக்காரனாக வருவான், ஒரு தடவை போன் சார்ஜர் விற்பவனாக, ஒரு தடவை வழி கேட்பவனாக. உள்ளே இருப்பவர் கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நிஜத் துப்பாக்கி எதுவும் முற்றத்துக்குள் வரக் கூடாது. ஒவ்வொருவரும் காரில் ஏறும் முன் சோதனை நடக்கும், பெண்களைப் பெண்களே சோதிப்பார்கள்.

அன்றைக்குப் பயிற்சிக் கார் புதிது. பழையது நொறுங்கிப்போனதால் ஏலத்தில் ஒன்றை எடுத்திருந்தேன். வெள்ளைக் கார். போன கோடையில் கல்மழை அடித்து அதன் கூரை முழுக்கக் குழி. மற்றபடி நல்ல வண்டி.

வகுப்புக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். கசாப்புக் கடைக்காரர் ஓக்கர்ட், நர்ஸ் டிகெலெடி, அப்புறம் ரியெட்டா.

ரியெட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்துநான்கு வயது. நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் வீட்டு கேட்டிலேயே அவள் புருஷனைச் சுட்டுவிட்டுக் காரை எடுத்துப் போனார்கள். அவள் பக்கத்து சீட்டில் இருந்தாள். துப்பாக்கி கைப்பையில் இருந்தது. ஜிப் சிக்கிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தப் பெண் தூங்குகிறாளா என்றே எனக்குச் சந்தேகம். என் வகுப்புக்கு அது அவளுடைய மூன்றாவது தடவை. அவளைப் போல வேகமான கையை நான் பார்த்ததில்லை. ஆனால் சார்ஜர் விற்க வந்த மொலெஃபியையும் சுட்டாள், வழி கேட்க வந்த மொலெஃபியையும் சுட்டாள். பிளாஸ்டிக் என்பதால் அவன் பிழைத்தான். இரண்டு தடவையும் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மதியமும் அதே சண்டைதான். கையைப் பார்த்துவிட்டுச் சுடு என்றேன்.

"கையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா என் புருஷன் மாதிரி நானும் போய்ச் சேர வேண்டியதுதான் அங்கிள்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நீ ஒருநாள் எவனாவது அப்பாவியைக் கொல்லப் போகிறாய், அதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு உண்மையிலேயே பயம் அதுதான். இந்தப் பெண்ணின் கையால் ஒருவன் சாகப் போகிறான்.

மூன்று நாற்பதுக்கு ஓக்கர்ட் முதலில் உட்கார்ந்தார். மொலெஃபி கொள்ளைக்காரனாக வந்தான், நன்றாகவே முடிந்தது. இறங்கி வந்த ஓக்கர்ட் சிரித்தார். அந்த இரண்டாவது ஆள் பிரமாதமாக நடிக்கிறார் என்றார். எந்த இரண்டாவது ஆள் என்று கேட்டேன். பச்சை ஸ்வெட்டர் போட்ட பெரியவராம். டிரைவர் பக்கக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாராம்.

நான் காருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அப்படி யாரும் இல்லை.

நாலு பத்துக்கு டிகெலெடி. அவள் இறங்கியதும் என்னிடம் கோபித்துக்கொண்டாள். ஒரு ஆள் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரை அனுப்பினால் என்ன அர்த்தம் என்றாள்.

சுவருக்குப் பின்னால் போய் மொலெஃபியைப் பிடித்தேன். சொல்லாமல் கொள்ளாமல் எவனை வரவழைத்து வைத்திருக்கிறாய் என்று சத்தம் போட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"யோவ், எனக்குக் கூலி குடுக்கவே மூக்கால அழுவுற. நான் எங்கய்யா இன்னொருத்தனக் கூட்டிட்டு வருவேன்?"

அவன் பொய் சொல்லும்போது எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் சொன்னது பொய் இல்லை.

திரும்பி வந்தேன். டிரைவர் பக்கக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கை அச்சு இருந்தது. விரல்கள் விரித்தபடி. சட்டைக் கையால் துடைத்தேன். போகவில்லை. கதவைத் திறந்து உள்பக்கம் துடைத்தேன்...

அப்போதும் போகவில்லை.

நாலரைக்கு எல்லோரும் காபி குடித்தோம். ரஸ்க்கை நனைத்தபடி ஓக்கர்ட் ஏதோ ஜோக் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரியெட்டா எங்களோடு உட்காரவில்லை. தன் காரில் உட்கார்ந்து பிள்ளைகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் மொலெஃபியோடு மல்லுக்கு நின்றேன். அவன் திருப்பித் திட்டினான். பேச்சு தடித்துக்கொண்டே போனது. அதே எரிச்சலோடு, "ரியெட்டா, வந்து உக்காரு" என்று கத்தினேன்.

அவள் வந்தாள். நேராகப் பயிற்சிக் காரில் ஏறினாள். நான் அவளைச் சோதிக்கச் சொல்லவில்லை.

மதியம் ஒரு தடவை டிகெலெடி சோதித்திருந்தாள், அந்த ஞாபகத்தில் விட்டுவிட்டேன். நடுவில் ரியெட்டா தன் காருக்குப் போய்வந்தது என் மண்டையில் ஏறவே இல்லை. இருபத்திரண்டு வருடப் போலீஸ்காரன்! இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

ஐந்து பதினொன்று. சூரியன் புகைபோக்கிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. எங்கேயோ காய்ந்த புல்லுக்குத் தீ வைத்திருந்தார்கள், புகை வாசனை. நான் காருக்குப் பின்னால், இடது பக்கமாக நின்றேன். மொலெஃபிக்குக் கை காட்டினேன். இந்தத் தடவை அவன் வழி கேட்பவன். வெறுங்கை.

அவன் சுவரைவிட்டு வெளியே வந்தான். இருபதடி தூரம்.

ஐந்து பன்னிரண்டு.

டொக்... டொக்... டொக்...

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

மொலெஃபி நடந்து வந்துகொண்டிருந்தான். இன்னும் பதினைந்தடி இருந்தது. அவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அப்படியே நின்றுவிட்டான்.

டிரைவர் பக்கத்தில் யாரும் இல்லை. நான் பார்த்தேன். வெறும் முற்றம்.

டொக்... டொக்...

ரியெட்டா தலையைத் திருப்பினாள். நீலத் துப்பாக்கி டேஷ்போர்டின் மேல் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

அவள் வலது கை தொடைக்கு அடியில் போனது.

வெளியே வந்தது... கறுப்பு.

நிஜத் துப்பாக்கி.

"மொலெஃபி, படு!"

அவன் படுக்கவில்லை.

துப்பாக்கி கண்ணாடிக்கு நேராக நின்றது. அதன் பின்னால் மொலெஃபி.

நான் ஓடினேன். எத்தனை அடி ஓடினேன் என்று தெரியாது.

சத்தம் இல்லை.

ஒரு நொடி... இரண்டு... மூன்று...

அவள் சுடவில்லை.

நான் கதவைப் பிடுங்கித் திறந்தபோது துப்பாக்கி அவள் மடியில் கிடந்தது. அவள் இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கையை வெளியே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். துப்பாக்கியை எடுத்துக் குண்டுகளைக் கழற்றினேன். இதை எப்படி உள்ளே கொண்டுவந்தாய் என்று கேட்டேன். கேட்டேன் என்ன, அலறினேன். போன் பேசும்போது எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்தேன் போலிருக்கிறது, நீங்கள் கூப்பிட்டதும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், இங்கே உட்கார்ந்ததும் கை தானாக வைத்திருக்கிறது என்றாள். அவளுக்கே அது சரியாக நினைவில்லை.

அப்புறம் அவள் கேட்டாள்.

"அந்தப் பெரியவர் எங்க அங்கிள்?"

மொலெஃபி மெல்ல நடந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றான்.

"மூஞ்சியில சுடத்தான் நினைச்சேன். அவரு மூஞ்சியக் காட்டவே இல்ல. ரெண்டு கையையும் மூஞ்சிக்கு முன்னால வெச்சுக்கிட்டே நின்னாரு. வேற வழியில்லாம கையப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல அங்கிள் அந்தக் கையில."

மொலெஃபி தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் அவன். அந்தக் கண்ணாடிக்கு நேர் பின்னால் நின்றிருந்தான். அவள் விரல் அசைந்திருந்தால் என் நண்பன் அந்தச் செங்கல் தூளில் செத்துக் கிடந்திருப்பான், அது என் மறதியால். இருட்டும் முன் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினேன். கிளம்பும்போது கண்ணாடியைப் பார்த்தேன். அச்சு இல்லை. சுத்தமாக இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் பிரமை என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை ஏலக்காரனுக்குப் போன் போட்டு அந்தக் கார் முன்னால் யாருடையது என்று கேட்டேன். பெயர் சொன்னான். எங்கேயோ கேட்ட பெயர். ஸ்டேஷனில் இன்னும் வேலை பார்க்கும் பழைய சிநேகிதன் ஒருவனிடம் அந்தப் பெயரைக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் ஒரு பழைய கோப்போடு என் வீட்டுக்கு வந்தான். காபி வேண்டாம் என்றான். கோப்பை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போனான்.

2011. ருஸ்டன்பர்க் போகிற சாலை. சாயங்காலம். ஐசக் என்று ஒருவர், வயது அறுபத்தொன்று, பள்ளிக்கூடத் தோட்டக்காரர். அவருடைய பழைய வண்டியில் பேட்டரி செத்துப்போய் ஓரமாக நின்றுவிட்டது. பின்னால் வந்து நின்ற வெள்ளைக் காரிடம் உதவி கேட்கப் போய்க் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். உள்ளே இருந்தவர், ஏலக்காரன் சொன்ன அதே பெயர்க்காரர், மூன்று தடவை சுட்டிருக்கிறார். முதல் இரண்டு குண்டும் அவருடைய உள்ளங்கைகளைத் துளைத்துக்கொண்டு போயிருக்கின்றன. கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார் மனுஷன். உயிருக்கு ஆபத்து என்று நம்பித்தான் சுட்டார், முறையாகப் பயிற்சி எடுத்தவர் என்று சொல்லி வக்கீல் அவருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

எந்தப் பயிற்சி? எவன் கொடுத்த பயிற்சி? கையில் ஒன்றுமில்லாத மனுஷனைச் சுடச் சொல்லிக் கொடுத்தவன் எவன்? அவன் மட்டும் என் முன்னால் நின்றிருந்தால் அந்த இடத்திலேயே கழுத்தை நெரித்திருப்பேன். அந்த ஆத்திரத்தில்தான் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

வக்கீல் சாட்சியாக இணைத்திருந்த தேர்ச்சித் தாள் அது. என் வகுப்பு தொடங்கி இரண்டாவது வருடம். அந்த நாட்களில் நான் கையைப் பற்றிப் பேசியதே இல்லை. கதவுப் பிடியை எவன் தொட்டாலும் சுடு, யோசிக்கிறவன் சாவான் என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். கீழே என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் பேனாவால் நானே எழுதிய ஒரு வரி.

"மிக வேகம். இவரைப் பற்றி இனிக் கவலையில்லை."