மூன்று பேர் என்று காட்டிய திரை

1. லூர்தம்மாள் வந்த நாள்

ரெட்டியார்பாளையத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மொத்தம் பதினோரு பேர். மொபைல் ஆப் எழுதுவது என் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். எங்கள் முதலாளியை "முசியே" என்று கூப்பிட்டார். பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்; எங்கள் ஊரில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பழைய குடும்பங்களில் இன்னும் அப்படிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. தன் பெயர் லூர்தம்மாள் என்றார். போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்த ஆப்ப செஞ்சது நீங்கதான முசியே? சனிக்கிழம காலையில இதுல எங்களுக்கு முன்னால மூணு பேர் இருக்காங்கன்னு போட்டிருந்துச்சி. நான் பாத்துக்கினே உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரமும் மூணு பேருதான். ஆட்டோ புடிச்சிப் போனா, 'உங்க முறை எப்பவோ போச்சி, திங்கக்கிழம வாங்க'ன்றாங்க."

அவர் கணவருக்கு ஒரு மையத்தில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சனிக்கிழமை தவறியது. ஞாயிறு அந்த மையத்துக்கு விடுமுறை. ஞாயிறு மதியம் நுரையீரலில் நீர் கோத்து அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பக்கத்தில் கதிர்காமத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவசரப் பிரிவில் குழாய் போட்டுப் படுக்க வைத்திருப்பதாகச் சொன்னார். சொன்னபோது அவர் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "ஏன் மூணுன்னே காட்டுச்சி?" என்று மட்டும் கேட்டார்.

முதலாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எனக்கு விடை தெரியும். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2. ஜெயந்தி அக்கா போட்ட டிக்கெட்

அந்த ஆப்பை ஊரில் ஒரு தனியார் டயாலிசிஸ் மையத்துக்காகச் செய்தோம். நோயாளிகள் காலையிலிருந்து பெஞ்சில் காத்துக் கிடக்க வேண்டாம். தங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு நேரத்துக்கு வந்தால் போதும். ஒரு படுக்கைக்கு அடுத்த நோயாளி வந்ததை நர்ஸ் குறித்தவுடன் கிளவுடில் இருக்கும் ரியல்டைம் டேட்டாபேஸ் அந்த மாற்றத்தை எல்லா போனுக்கும் அனுப்பிவிடும். போனில் லிஸனர் என்று ஒரு சின்ன நிரல் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வந்த எண்ணை ஆப்பின் ஸ்டேட்டில், அதாவது ஆப் தனக்கென்று வைத்திருக்கும் நினைவில், எழுதும். திரை அந்த ஸ்டேட்டை மட்டுமே பார்த்து வரையும்.

எல்லாம் சரியாக ஓடும்போது அழகாக இருக்கும். டெமோவில் நர்ஸ் பொத்தானை அழுத்தினதும் என் கையிலிருந்த போனில் எண் மாறியது. மையத்தின் டாக்டர் கைதட்டினார்.

நெட் அறுந்தால் என்ன ஆகும்? டேட்டாபேஸ் எர்ரர் எதுவும் கொடுக்காது. சும்மா மௌனமாகிவிடும். ஸ்டேட்டில் கடைசியாக வந்த எண் அப்படியே இருக்கும். திரை அதை இந்த நிமிடத்து எண் மாதிரி காட்டிக்கொண்டிருக்கும். லூர்தம்மாள் போனில் அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான்.

இதை முன்பே கண்டுபிடித்தவர் ஆப்பைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் டெஸ்டர் ஜெயந்தி அக்கா. அவர் அப்பா மில் தொழிலாளி. மில் மூடின பிறகு வீட்டைத் தாங்கினது அக்காதான். ஆபீஸ் வைஃபையில் மட்டும் சோதித்தால் போதாது என்று போனோடு ஊரெல்லாம் சுற்றுவார். பெரிய மார்க்கெட்டில் மீன் கடைகளுக்குள்ளே சிக்னல் விட்டுப்போனபோது எண் உறைந்து நின்றதைப் படம் எடுத்து டிக்கெட், அதாவது என் பெயருக்குப் பிழைப் புகார், போட்டார்.

"சிக்னல் இல்லாத எடத்துல எந்த ஆப்பும் ஓடாதுக்கா," என்றேன்.

"ஓடலன்னா ஓடலன்னு சொல்லணும் இல்ல மோகன்? இது ஓடற மாதிரியே நிக்குது. பேஷன்ட்டு என்னத்த கண்டாங்க?"

வெளியீட்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது. "இது நிரல் பிழை அல்ல" என்று எழுதி டிக்கெட்டை மூடினேன். அவர் மறுபடி திறந்தார். நான் மறுபடி மூடினேன்.

3. மீட்டிங்

லூர்தம்மாள் போன பிறகு முதலாளி கதவைச் சாத்தினார். உள்ளே அவர், ஜெயந்தி அக்கா, நான்.

"டெஸ்டிங்ல இதக்கூடவா பாக்கல?"

"நான் டிக்கெட் போட்டேன் சார்," என்றார் ஜெயந்தி அக்கா.

"போட்டா ஆச்சா? ஃபாலோ பண்ண வேணாமா? மோகன், இது உன் கிட்ட வந்துச்சா?"

முதலாளி டிக்கெட்டைத் திறந்து பார்த்திருந்தால் என் பெயர் இரண்டு முறை இருந்திருக்கும். திறக்கவில்லை. தவறு இவருடையது என்று மையத்துக்குச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் போய்விட்டால் அந்த நிரலைத் திருத்த வேறு ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நெறய டிக்கெட் வந்துச்சி சார். ஞாபகம் இல்ல," என்றேன்.

ஜெயந்தி அக்கா என்னைப் பார்த்தார்.  அந்த மாதத்தோடு அவரை அனுப்பிவிட்டார்கள். டெஸ்டிங் பிழை, ஆளை நீக்கிவிட்டோம் என்று மையத்துக்கு மின்னஞ்சல் போனது.

திருத்தம் எனக்கு அரை நாள் வேலை. இணைப்பு இருக்கிறதா என்று கேட்க இரண்டாவது லிஸனர் ஒன்று. எண்ணோடு அது வந்த நேரத்தையும் சேர்த்து ஸ்டேட்டில் வைத்தேன். இணைப்பு அறுந்ததும் எண் மறைந்து, "தற்போதைய நிலை தெரியவில்லை, மையத்துக்கு போன் செய்யுங்கள்" என்று வரும். அதற்கு என்னைப் பாராட்டினார்கள். அடுத்த வருடம் டீம் லீட் ஆக்கினார்கள்.

4. போன்

லூர்தம்மாளின் கணவர் பதினெட்டு நாள் கழித்து வீடு திரும்பினார் என்று மையத்திலிருந்து தெரிந்தது. பழையபடி நடக்க முடியவில்லையாம்.

நான் வேலை மாறிய பிறகுதான் ஜெயந்தி அக்காவுக்கு போன் செய்யத் துணிவு வந்தது. அவர் இப்போது ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்க்கிறார். நான் சொல்ல வந்ததை இடையில் வெட்டாமல் முழுக்கக் கேட்டார்.

"என் கிட்ட சொல்லிட்ட. சரி. அந்த அம்மாவ போயி பாத்தியா?"

"இல்லக்கா."

"ஏன் மூணுன்னு காட்டுச்சின்னு கேட்டாங்களே. யாராவது பதில் சொன்னீங்களா?"

 வகுப்பு மணி அடிக்கிறது என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

புதிதாகச் சேரும் டெவலப்பர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்கிறேன்: ஸ்டேட்டில் எண்ணை மட்டும் வைக்காதீர்கள், அது எப்போது வந்தது என்பதையும் வையுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று காட்டுங்கள். குறித்துக்கொள்கிறார்கள். டிக்கெட்டை மூடியது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அக்காவைத் தவிர வேறு யாரிடமும் நானாகச் சொல்வது இதுதான் முதல் முறை. லூர்தம்மாள் வீட்டுக்கு இன்னும் போகவில்லை.