'ஸ்டில்' ஜகந்நாதன்

விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, தாளை உருளையில் செருகி, கோணலாயிற்றென்று உருவி, மறுபடி செருகுவார் ஜகந்நாதன். அதற்குள் எதிரே உட்கார்ந்திருப்பவர் தம் கதையில் பாதியைச் சொல்லி முடித்திருப்பார். "ம், மேல சொல்லும். காது இங்கதான் இருக்கு."

தில்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் மாப்பிள்ளை வீட்டு வாசல். குளிர்கால வெயில் நகர நகர அவருடைய டைப்ரைட்டர் மேஜையும் நகரும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு ஆங்கிலத்தில் மனு என்றால் அவர்தான். கூலி கிடையாது, காபிப் பொடி கொண்டுவந்தால் மறுக்கமாட்டார். அன்று அங்கே காத்துக் கிடந்தவர்கள் இன்று குர்காவ்னில் சொந்த வீட்டில் இருந்தாலும் அந்த வெயிலுக்கு ஏங்குவார்கள்.

முப்பத்தைந்து வருஷம் ஓர் அமைச்சகத்தில் சுருக்கெழுத்தாளர். "அதிகாரி சொன்னதெல்லாம் 'ரெக்ரெட்', 'ரெக்ரெட்'தான், வருந்துகிறோம், முடியாதுன்னு. அத்தனையும் இந்தக் கைதான் அடிச்சுது" என்பார். அந்தப் பாவத்தைக் கழுவத்தானோ என்னவோ, அவர் மனுவில் 'ஸ்டில்' இல்லாமல் இருக்காது. மூட்டுவலிக்காரர் காவலாளி வேலை கேட்டால் 'ஹி கேன் ஸ்டில் வாக்', இன்னும் நடப்பார். தேதி கடந்துபோன விண்ணப்பமா? 'இட் மே ஸ்டில் பி கன்ஸிடர்ட்', இன்னும் பரிசீலிக்கலாம். "கதவு சாத்தியாச்சுன்னு நாமளே எழுதிக் கொடுப்பானேன்?" என்பது அவர் கட்சி. பாதி மனுக்கள் பலித்தன. பலிக்காதவர்களும் அவரைத் திட்டியதில்லை.

கோவிந்தம்மாள் விஷயத்தில்தான் அந்த வார்த்தை காலை வாரிவிட்டது. கள்ளக்குறிச்சிக்காரி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். அரசு அலுவலகம் ஒன்றில் தோட்ட வேலை பார்த்த அவள் கணவன் தர்மன், ஊருக்கென்று ரயிலேறியவன், ஏழு வருஷமாகத் தகவல் இல்லை. போலீசும் கைவிரித்துவிட்டது. இறந்தவனாகக் கருதி, கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை தர வழியிருந்தது. ஜகந்நாதன் உருக்கமாக மனு எழுதிக் கொடுத்தார். கடைசி வரி, 'ஹி மே ஸ்டில் கம் பேக்.'

மனு திரும்பி வந்தது, அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோட்டோடு.

"அவரு இன்னும் வரலாம்னு நீயே எழுதியிருக்க, அப்புறம் வேலை எப்படிக் குடுக்கறதுங்கிறாரு அந்த ஆபீசர் சாப்" என்றாள். "இந்த மாசத்தோட கெடு முடியுதாம் அய்யா. அத எடுத்துட்டுப் போட்டுக் குடுங்க."

ஜகந்நாதனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்லது செய்வதாக நினைத்து அவள் சோற்றில் மண்ணை அள்ளிப் போட இருந்தோமே என்று கூசினார். கார்பன் வைத்து, முழு மனுவையும் புதிதாக அடித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"'அவர் உயிரோட இல்லைன்னு நம்பறேன்'னு இருக்கணும். போடட்டுமாம்மா?"

கோவிந்தம்மாள் தெருவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "போடுங்க அய்யா. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்களே."

அடித்தார். அவள் இரண்டு தாளிலும் கைநாட்டு வைத்துவிட்டு எழுந்தாள்.

"இரும்மா."

மேல் தாளை உறையிலிட்டு அவளிடம் கொடுத்தார் ஜகந்நாதன். அவளிடம் இருக்கவேண்டிய நகலை மட்டும் மறுபடி உருளையில் ஏற்றி, கைநாட்டுக்குக் கீழே, அந்தப் பழைய வரியை ஒவ்வோர் எழுத்தாக அடிக்க ஆரம்பித்தார்.