தப்பக்காவுக்குத் தப்பு வரவில்லை

பதினோரு ஆண்டுகளில் 4,312 தவறுகள். ஒவ்வொன்றையும் நிறுவனம் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறது. தவறு செய்வதற்குத்தான் அவருக்குச் சம்பளமே.

பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி மாதாகோயில், மசூதி, கோபுரம், புகழ்பெற்ற ஓவியம் என்று செய்துபார்க்கும் பெட்டிகள் தயாராகும் இடம் அது. பெட்டி கடைக்குப் போகுமுன், செய்முறைப் புத்தகத்தைப் பார்த்து ஒருவர் கட்ட வேண்டும். அவர் தடுமாறும் பக்கத்தை மாற்றி வரைவார்கள். அந்த ஒருவருக்கு அலுவலகம் வைத்த பெயர் தப்பக்கா. மணிக்கூண்டைத் தலைகீழாக நட்டதும், ஓவியத்துச் சீமாட்டியின் மூக்கைக் காதோரம் ஒட்டியதும் இன்றுவரை பேசப்படுகின்றன.

சிக்கல் என்னவென்றால், கை பழகிவிட்டது. போன மாதம் மூன்று குவிமாட மசூதியை ஒரு பிசகும் இல்லாமல் கட்டி முடித்தார். யாரும் கைதட்டவில்லை. மேலாளர் கூப்பிட்டார்.

"அடுத்த பெட்டியிலயும் தப்பு வரலன்னா, வேற ஆள் பாக்க வேண்டியதுதாம்மா."

வீட்டில் புலம்பினார். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"முப்பது வருஷமா நான் செய்றதெல்லாம் தப்புன்னு சொல்றியே, எங்கிட்ட கத்துக்க வேண்டியதுதானே?"

பழைய மாதாகோயில் பெட்டி ஒன்றை எடுத்து, புத்தகத்தைப் பிரிக்காமலே கட்டிக் காட்டினார்.

"ஏங்க, வாசக் கதவு எங்க?"

"கண்ணு தெரியலையா? மூணாவது மாடியில."

"ஏணி போட்டு ஏறியா சாமி கும்பிடுவாங்க?"

"பக்தி இருக்கறவன் ஏறுவான்."

மறுநாள் பூச்சாடி ஓவியப் பெட்டி. தப்பக்கா மனசைக் கல்லாக்கிக்கொண்டு, மஞ்சள் இதழ் வரவேண்டிய இடத்தில் பச்சைக் கட்டையை வைத்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண், அந்தப் பெட்டியை வடிவமைத்தவர், பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"அக்கா, இது நடிப்பு."

"எப்படிம்மா சொல்ற?"

"வைக்கிறதுக்கு முன்னாடி பெருமூச்சு விட்டீங்க. நிஜமா தப்பு பண்றவங்க யோசிக்கவே மாட்டாங்க. நான் செய்றதுதான் சரின்னு வச்சுட்டுப் போயிட்டே இருப்பாங்க."

தப்பக்கா பச்சைக் கட்டையைப் பிடுங்கி அதன் இடத்தில் வைத்தார்.

"அப்படி ஒருத்தர் எங்க வீட்லயே இருக்கார்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏதோ தோன்றியவராய்க் கேட்டார்: "இந்தப் புத்தகத்துல அவர் எங்க சறுக்குவாருன்னு உங்களால சொல்ல முடியுமாக்கா?"

"பதினேழாம் பக்கம், இருபத்திமூணு, நாப்பத்தொண்ணு. மூணுலயும் படத்த மேலருந்து வரைஞ்சிருக்கே, கீழ இருக்கற கட்டை எவன் கண்ணுக்குத் தெரியும்?"

இதைச் சொல்லுமுன் தப்பக்கா பெருமூச்சு விடவில்லை. மேலாளரின் கதவை அந்தப் பெண்தான் தட்டினார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கணவர் கட்டை அடுக்கும் மேசை முன் உட்காருகிறார். தப்பக்காவுக்குத் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் நோட்டும். இருவருக்கும் இரண்டு மாதம் சோதனைக்காலம்.