ஒரு வேலிக்கு ஒரு வசனம்

மாங்குளத்தில் எங்கள் ஓட்டோ வருவதற்கு முன்னரே என் குரல் வந்துவிடும். கூரையில் ஒலிபெருக்கி, முன்னால் ஓட்டுபவர் என் கணவர், பின் இருக்கையில் மைக்கோடு நான். கோயில் திருவிழா, மின்தடை, காணாமற்போன மாடு, மரணம் எல்லாம் எங்கள் ஓட்டோவில்தான் ஊர் சுற்றும். வாசிப்பது மட்டுமே என் வேலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதுவதும் நான்தான். அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஓடுகிற ஓட்டோவிலிருந்து வாசிக்கிற வசனத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. கேட்பவர் குசினியில் அடுப்போடு நிற்பார், அல்லது கிணற்றடியில் நிற்பார். ஓட்டோ அவருடைய வேலியைக் கடக்கும் நேரம்தான் அவருக்குக் கிடைப்பது. எங்கள் மொழியிலோ வினைச்சொல் கடைசியில்தான் வந்து உட்காரும்; நடக்குமா நடக்காதா என்பது அங்கேதான் தெரியும். வசனத்தை நீட்டினால் முன்பாதி ஒரு வீட்டுக்கும் பின்பாதி அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேரும், இரண்டு வீட்டுக்கும் விளங்காது. ஆகவே நான் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். ஒரு வேலிக்கு ஒரு வசனம். அந்த வேலிக்குள் தொடங்கி அந்த வேலிக்குள் முடியவேண்டும்.

மரண அறிவித்தலுக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை. அப்போது இவர் ஓட்டோவைச் சந்தியில் நிறுத்திவிடுவார். இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாரும் என்று உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவேன். பெயர் கடைசியில் வரும். அதற்குள் சனம் அடுப்பைத் தணித்துவிட்டு வேலி வாசலுக்கு, படலைக்கு, வந்து நின்றுவிடும். பெயரை முதலில் போட்டு உடைத்தால் மிச்சத்தை யார் கேட்பார்கள்? அங்கே நீளம்தான் மரியாதை. நீட்டத் தெரியாமல் நான் சுருக்குவதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கோடையில் விதைக்கும் இந்தச் சிறுபோகத்தில் குளம் வழமையைவிட வேளைக்கே வற்றத் தொடங்கியது. கடைசி வாய்க்காலில் விதைத்தவர்களின் பயிர் குடலையில் நின்றது. அதாவது கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டுக்குள் பொதிந்திருக்கும் பருவம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வருவதெல்லாம் சப்பி நெல்தான், உள்ளே அரிசி இராது. எங்கள் வயலும் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது. எனக்கு இரவில் நித்திரை இல்லை.

கமக்கார அமைப்பு, அதுதான் எங்கள் விவசாயிகள் சங்கம், கூட்டம் போட்டு, வெள்ளிக்கிழமை திறக்கும் தண்ணீர் முழுவதும் கடைசி வாய்க்காலுக்கே என்று முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்களைவிட வராதவர்கள்தான் அதிகம். முதல் இரண்டு வாய்க்கால்காரரும் வழமைபோல் தங்கள் வக்கடையை, அதுதான் வயலுக்குத் தண்ணீர் பாய வரம்பில் வெட்டிய வாயை, திறந்து வைத்தால் எங்களிடம் ஒரு சொட்டும் வந்து சேராது. கூட்டம் முடிந்த கையோடு செயலாளர் அறிவித்தலை எழுதிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரும் எங்களைப்போல ஒரு கமக்காரர், முதலாம் வாய்க்காலில் வயல். தாளை வாங்கி வாசித்தேன்.

"குளத்தின் நீர்மட்டம் குறைவடைந்துள்ளமையால், வெள்ளிக்கிழமை முதலாம், இரண்டாம் வாய்க்கால்களுக்கு வழமைபோல் நீர் திறந்துவிடப்படும் என எதிர்பார்த்திருக்கும் கமக்காரர்கள், அன்றைய நீர் கடைசி வாய்க்காலுக்கு மாத்திரமே வழங்கப்படவிருப்பதால், தத்தமது வக்கடைகளை அடைத்து ஒத்துழைப்பு நல்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்."

"அண்ணை, இது பேப்பருக்கு நல்ல வசனம். ஓட்டோவுக்குச் சரிவராது," என்றேன்.

"என்ன பிழை, பிள்ளை? ஒரு எழுத்துப்பிழை காட்டு பாப்பம்."

"பிழை ஒண்டும் இல்லை. நீளம்."

நான் அங்கேயே என்னுடையதை எழுதிக் கொடுத்தேன். "வெள்ளிக்கிழமைத் தண்ணி கடைசி வாய்க்காலுக்கு. மற்ற வாய்க்கால்காரர் வக்கடையை அடைச்சுவிடுங்கோ. கடைசி வாய்க்காலிலை பயிர் குடலை. இந்தத் தண்ணி இல்லாட்டி நெல்லு சப்பி."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதென்ன கட்டளை போடுற மாதிரி? அறிவித்தல் எண்டா ஒரு அறிவித்தல் மாதிரி இருக்கவேணும். கடைசியிலை ஒரு நன்றிகூட இல்லை."

"அடைச்சுவிடுங்கோ எண்டதிலை மரியாதை இருக்குத்தானே. வேலை முடிய முன்னம் நன்றி சொன்னா, வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சிடுவினம்."

"உன்ரை வயல் அங்கை இருக்கு. அதுதான் இவ்வளவு அவசரம்."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "ஓம், என்ரை வயல்தான். என்ரை நெல்லு சப்பியாப் போறதை வசனத்தின்ரை அழகு காப்பாத்துமோ, அண்ணை?"

இவர் இடையில் புகுந்தார். கதைத்துப் பயனில்லை, ஓட்டிப் பார்ப்போம் என்றார். செயலாளரின் மனைவி கூட்டத்துக்கு வரவில்லை. முடிவும் அவாவுக்கு இன்னும் தெரியாது. அவாவுக்கு எது விளங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. மூவரும் ஓட்டோவில் ஏறினோம். செயலாளர் என் பக்கத்தில் இருந்தார். அவருடைய வீட்டு வேலி தொடங்கும் இடத்தில் அவருடைய வசனத்தை வாசிக்கத் தொடங்கினேன். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை, நிதானமாகத்தான் வாசித்தேன். 'எதிர்பார்த்திருக்கும்' என்ற சொல் அடுத்த வீட்டு வேலிக்குப் போய்விட்டது. ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்து படலையில் நிறுத்தினோம். செயலாளரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தா.

"நாங்கள் என்ன அக்கா சொன்னனாங்கள்?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை எங்கடை வாய்க்காலுக்குத் தண்ணி விடுகினமாம்," என்றவ, செயலாளரைப் பார்த்து, "போய் வக்கடையைத் திறந்து விடுங்கோவன்," என்றா.

அக்காவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, திரும்பவும் அதே வேலியால் போனோம். இந்த முறை என் வசனங்களை வாசித்தேன். திரும்பி வந்தபோது அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றா.

"முதலிலை தண்ணி விடுறம் எண்டியள். இப்ப அடைக்கச் சொல்லுறியள். ஒண்டைச் சொல்லுங்கோ."

"அடைக்கிறதுதான், அக்கா."

"குடலைப் பயிர் எண்டா அடைக்கத்தானே வேணும். அதை முதலே சொல்லியிருக்கலாமே."

செயலாளர் என்னிடமிருந்து தன் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "உன்ரையையே வாசி, பிள்ளை," என்றார். அவர் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. அன்றும் அடுத்த நாளும் தொண்டை கட்டும்வரை வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குளத்தின் மதகான துருசு திறந்ததும் நான் வாய்க்கால் கரையால் நடந்தேன். பயமாகத்தான் இருந்தது. முதலாம் வாய்க்காலில் ஒரு பெண் முழங்காலளவு சேற்றில் நின்று வக்கடைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தா. அவாவை எனக்குத் தெரியாது, அவாவுக்கும் என்னைத் தெரியாது. என்ன செய்கிறீர்கள் என்று தெரியாதவள்போலக் கேட்டேன்.

"கடைசி வாய்க்காலிலை பயிர் குடலை. இந்தத் தண்ணி இல்லாட்டி நெல்லு சப்பி," என்றா.

சொல்லுக்குச் சொல் என்னுடையது. ஆனால் அறிவித்தலில் கேட்டதாக அவா சொல்லவில்லை. தன் மனதில் பட்டதைச் சொல்வதுபோலச் சொன்னா. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியிருக்கிறேன், அன்றுகூட எனக்கு இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. நான்தான் அதை எழுதினேன் என்று அவாவிடம் சொல்லவில்லை. எல்லோரிடமும் சொல்லுகிற நான் அங்கே வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

மத்தியானம் தண்ணீர் எங்கள் வரம்பைத் தொட்டது. மண் கலங்கி, சருகையும் தள்ளிக்கொண்டு வந்து, வெடித்த நிலத்துக்குள் சத்தத்தோடு இறங்கியது. இவர் வயலுக்குள் இறங்கி நின்று பார்த்தார். நான் அவரை நிற்கவிடவில்லை, ஓட்டோவை எடுக்கச் சொன்னேன்.

முதலாம் வாய்க்கால் வீதியால் போனோம், பிறகு இரண்டாம் வாய்க்கால் வீதியால். இந்த அறிவித்தல் ஒவ்வொரு வேலிக்கும் முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

"தண்ணி வந்திட்டுது. நன்றி."

செயலாளர் தன் படலையில் நின்றார். முதல் வசனத்துக்கு அசையவில்லை. இரண்டாவதைக் கேட்டதும் கையைத் தூக்கினார்.