எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய வேன்

வேன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் ‘பச்சக்’ என்று நசுங்கிய சத்தத்தைப் போல் இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. சங்கீதம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும். தொண்ணூறுகளின் நடுவில், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டு வாசலில், ஒரு காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தவர் என் அண்ணி. நாத்தனார் அண்ணியைப் புகழ்கிறாளே, மழைதான் கொட்டப்போகிறது என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்குப் பெருமை, எழுதுகிறேன்.

அண்ணி திருக்கழுக்குன்றத்து வாத்தியார் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்தபோது அஞ்சல் வழியில் எம்.ஏ. உளவியல் படித்துக்கொண்டிருந்தார். “பைத்தியக்கார டாக்டருக்காம்மா படிக்கிற?” என்று அப்பா கேட்டதற்கு, “இல்ல மாமா, பைத்தியம் புடிக்காம இருக்கறதுக்கு” என்றார். படித்ததைப் புத்தகத்தோடு விடமாட்டார், அடுப்படியில் சோதித்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரி என்னை முறைத்தாள் என்று நான் பொருமினால், “அவ பாத்தா. அது நடந்தது. முறைச்சான்றது நீ சேத்துகினது” என்பார். எரிச்சலாக இருக்கும். யோசித்தால் உண்மையாகவும் இருக்கும்.

அண்ணன் சொந்தமாக வேன் ஓட்டினார். செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டி அழைத்து வருவார். ஒருநாள் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் டயர் வெடித்து, வேன் சவுக்குத் தோப்புக்குள் பாய்ந்துவிட்டது. அன்று சவாரி இல்லை. உள்ளே அண்ணனும் அண்ணியும் மட்டும்தான். சிராய்ப்போடு போயிற்று. வேனைச் சரிபண்ணி வாசலில் நிறுத்தினார்கள், அண்ணனைத்தான் சரிபண்ண முடியவில்லை. சாவியைத் தொட்டாலே வியர்த்துச் சட்டை நனைந்துவிடும். “இனிமே ஓட்னா நாலு பேரக் கொன்னுட்டுத்தான் நிப்பேன்” என்று சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அப்போது நாங்கள் செய்ததெல்லாம் பாசத்தில் செய்த கோளாறு. வேன் என்ற பேச்சையே வீட்டில் எடுக்கமாட்டோம். அப்பா அதைத் தார்ப்பாய் போட்டு மூடினார். அம்மா தினமும் அண்ணனைக் கிழக்கு பார்க்க உட்கார வைத்து உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். சுற்றச் சுற்ற, தனக்கு ஏதோ பெரிதாக ஆகிவிட்டது என்பது அண்ணனுக்கு உறுதிப்பட்டது. கடைசியில் அப்பா வேனை விற்க முடிவுசெய்து, அச்சரப்பாக்கத்தில் ஒருவரிடம் சொல்லிவைத்தார். அறுவடை முடிந்ததும் வருவதாக அவர் சொன்னார். வேன் போய்விட்டால் அண்ணன் எழுந்திருக்கவே மாட்டார் என்பது அண்ணிக்குத் தெரிந்திருந்தது.

அண்ணி யாரோடும் சண்டை போடவில்லை. “அத்த, ஆளுக்கு மட்டும் சுத்தறீங்களே, கண்ணு பட்டது வண்டிக்குந்தானே?” என்றார். அம்மாவுக்கு நியாயமாகப் பட்டது. மறுநாள் தார்ப்பாயைக் கழற்றி, கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வைத்த பழத்தை அப்படியே விடலாமா? வண்டிக்காரர்தான் ஏற்றி நசுக்க வேண்டும். அம்மாவே அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். “ஏறு நைனா. சாமி காரியம், பாதில வுடக்கூடாது.” அண்ணன் ஏறினார், நடுங்கினார், ஒரு முழம் நகர்த்தினார். பச்சக். இறங்கி ஓடிப்போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்தார். அம்மா வெலவெலத்துப் போனார். அண்ணி மறுநாளைக்கான பழங்களைக் கழுவி எடுத்து வைத்தார்.

பயப்படுவதைச் சிறுகச் சிறுகக் கிட்டப்போய்ப் பழகுவது உளவியலில் உள்ள வழிதான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். எந்தப் புத்தகத்திலும் எலுமிச்சம்பழம் இருந்திருக்காது. அது எங்கள் அண்ணியின் மூளை. பழம் நாளுக்கு நாள் தள்ளிப் போயிற்று: வாசல், தெருமுனை, ஏரிக்கரை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஊறுகாயே போடவில்லை. நடுவில் ஒருநாள், “பயம் போவட்டும், அப்பறம் எடுக்கறேன்” என்று அண்ணன் சாவியை வீசி எறிந்தார். அண்ணி குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னது இன்றைக்கும் எனக்கு வேதம்: “பயம் போனப்பறம் எடுக்கலாம்னா எப்பவும் எடுக்க முடியாதுங்க. அதையும் பக்கத்துல குந்த வச்சிகினு எடுங்க.”

சவுக்குத் தோப்பு வளைவுக்குப் போன அன்று நானும் பின்சீட்டில் இருந்தேன். அண்ணன் ஓரங்கட்டினார். “பயமா கீது” என்றார்.

“எனக்குந்தான்” என்றார் அண்ணி. முன்னாலிருந்த கம்பியை இறுகப் பிடித்ததில் அவருடைய விரல்கள் வெளுத்திருந்தன. விபத்தன்று அவரும்தானே உள்ளே இருந்தார்? உனக்கு எப்படி இருக்கிறது என்று வீட்டில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அண்ணன் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அண்ணி நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளுக்கு மன ஆலோசனை சொல்லப் போனார். அறை, சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை. அதைப் பார்த்தும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் நெஞ்சு நிமிர்ந்தது அதற்கு வெகு முன்னால், அறுவடை முடிந்து அச்சரப்பாக்கத்துக்காரர் வந்த அன்று. அவர் மோர் குடித்தார், வேனைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். “வண்டி நல்லாத்தானே கீது, இன்னாத்துக்கு விக்கறீங்க?” என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். “விக்கல அண்ணாத்த. வெயில்ல அவ்ளோ தூரம் வந்துட்டீங்க. ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல வுட்டுடறேன்.”

அதுவரை தினமும் பக்கத்தில் உட்கார்ந்து போன அண்ணி அன்று வேனில் ஏறவில்லை. வேன் போவதைக்கூட நின்று பார்க்காமல், மோர் டம்ளரைக் கழுவ உள்ளே போய்விட்டார். நான்தான் தெருமுனை வரைக்கும் ஓடினேன்.